முள்ளெலியின் பூர்வீகம்

தென் தமிழ்நாட்டின் வறண்ட மேட்டு நிலங்களிலும் புதர்க்காடுகளிலும் இருட்டிய பின் வெளிவந்து, வண்டும் கறையானும் புழுவும் தேடித் திரிந்து, ஆளரவம் கேட்ட மாத்திரத்தில் உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு எல்லாத் திசையிலும் முட்களை நீட்டிக் கிடக்கும் சிறிய பிராணிக்கு நம் முன்னோர் முள்ளெலி என்று பெயர் வைத்தார்கள். பெயரின் முற்பாதியில் பிழை ஒன்றும் இல்லை, பிற்பாதிதான் பொருந்தவில்லை. எலி கொறித்துண்ணும் வம்சத்தைச் சேர்ந்தது. ஓயாமல் வளர்ந்துகொண்டே இருக்கும் உளிபோன்ற முன்பற்கள் அதன் குலச் சின்னம். முள்ளெலிக்கு அத்தகைய பற்கள் கிடையா. அதற்கு உறவினர் தேட வேண்டுமானால் வீட்டு மூலைகளில் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூற்றிடமும், குளிர்தேசத்து மண்ணுக்கடியில் வளை தோண்டும் அகழெலியிடமும் போக வேண்டும். முள்ளம்பன்றி பன்றியும் அன்று, முள்ளெலிக்கு உறவும் அன்று. அதுவே எலியின் கூட்டத்தைச் சேர்ந்த பிராணி. ஆக, முள்ளெலி எலியல்ல, முள்ளம்பன்றிதான் எலிக்கு உறவு என்ற இந்தத் தலைகீழ் நிலையைக் கண்டு நம் மொழியைக் குறை சொல்லக் காரணமில்லை. ஜீவராசிகளை வகுத்து முறைப்படுத்தும் சாஸ்திரத்துக்கு அஸ்திவாரமிட்ட லின்னேயஸ், 1758-இல் வெளியான தம் பெருநூலின் பத்தாம் பதிப்பில், முள்ளெலியைப் பன்றியோடும் ஆர்மடில்லோவோடும் அகழெலியோடும் மூஞ்சூற்றோடும் ஒரே வரிசையில்தான் உட்கார வைத்தார்.

அந்த வரிசை விரைவிலேயே குலைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விலங்கியல் அறிஞர்கள் பூச்சியுண்ணிகள் என்று ஒரு புதிய குலத்தைக் கற்பித்து, நீண்ட மூக்கும் கூரிய பற்களும் சிறிய மூளையும் உடைய பிராணிகள் யாவற்றையும் அதில் சேர்த்தார்கள். முள்ளெலி, மூஞ்சூறு, அகழெலி ஆகியவற்றோடு மடகாஸ்கர் தீவின் தென்ரெக், ஆப்பிரிக்காவின் பொன் அகழெலி போன்றவையும் அதற்குள் வந்தன. வேறெங்கும் இடம் கிடைக்காதவற்றைப் போட்டுவைக்கும் கூடை என்று அதைச் சொன்னாலும் தகும். ஆயினும் அந்தக் கூடைக்கு ஒரு பெருமை வந்து சேர்ந்தது. டார்வினின் கொள்கையை மேடைதோறும் முழங்கிய தாமஸ் ஹக்ஸ்லி 1880-இல் பாலூட்டிகளின் பரிணாம வரிசையை ஆராய்ந்தபோது, நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் பொதுவான ஆதி அமைப்புக்கு மிக அருகில் நிற்பவை இந்தப் பூச்சியுண்ணிகளே என்ற அபிப்பிராயத்துக்கு வந்தார். அன்று முதல் ஒரு நூற்றாண்டுக் காலம், குதிரைக்கும் திமிங்கிலத்துக்கும் வெளவாலுக்கும் மனிதனுக்கும் பொதுவான மூதாதை எப்படி இருந்திருப்பான் என்று கேட்டவர்களுக்கு, முள்ளெலியைப் போன்றோ மூஞ்சூற்றைப் போன்றோ இருந்திருப்பான் என்பதே பாடநூல்கள் சொன்ன பதில். முன்னேறிச் சென்ற மற்றவையெல்லாம் சென்றுவிட, புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிட்ட பிராணி என்ற முத்திரை முள்ளெலியின்மேல் அழுத்தமாக விழுந்தது.

இந்த முத்திரை நியாயமானதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நியாயமானதன்று என்பதே என் முடிவு. கல்லில் கிடைத்த முள்ளெலிகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க அந்த முடிவு எனக்கு உறுதிப்பட்டது.

முதலில், இந்தக் கற்களை எப்படித் தேடுகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தத் துறையில் கிடைக்கும் சான்றின் தன்மையே வரலாற்றின் தன்மையையும் நிர்ணயிக்கிறது. டைனோசரின் தொடையெலும்பு மலைச்சரிவில் துருத்திக்கொண்டு நிற்கும். குதிரை மீதிருந்தே அதைக் கண்டுகொள்ளலாம். ஒரு மூஞ்சூறளவுப் பிராணியின் எலும்புக்கூடோ ஒரு பருவமழையில் சிதறி, ஒரு வருஷத்தில் தூளாகிவிடும். எஞ்சுவது பல். பல்லின் மேற்பூச்சாகிய எனாமல்தான் உடலிலேயே மிகவும் கடினமான பொருள். அதுவும் குண்டூசித் தலையளவே இருக்கும். அமெரிக்காவின் வயோமிங் பிரதேசத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பூர்வ ஜீவராசிகளைத் தோண்டியெடுத்துவந்த ஜான் பெல் ஹாட்சர் என்பவர், எறும்புகள் தம் புற்றின் மேல் பரப்புவதற்காகப் பொறுக்கிக் கொண்டுவந்த சிறு கற்களினூடே டைனோசர் காலத்துப் பாலூட்டிகளின் பற்கள் கலந்திருப்பதைக் கண்டார். அதன்பின் அவர் புற்றுப் புற்றாகச் சென்று சலித்துப் பற்களைச் சேகரித்தார். எறும்பில்லாத இடங்களுக்கு எறும்புகளையே மண்ணோடு அள்ளிச் சென்று குடியேற்றலாம் என்றும் மற்றவர்களுக்கு எழுதிவைத்தார். எறும்பின் உழைப்பை நம்பியிருந்த இந்தத் தேட்டத்தை மனிதனின் உழைப்பாக மாற்றியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளாட் ஹிப்பர்ட். டன் கணக்கில் மண்ணை அள்ளி, ஓடும் நீரில் நுண்சல்லடையிட்டு அலசி, எஞ்சிய பருக்கைகளை உலர்த்திப் பூதக்கண்ணாடியின் கீழ்ப் பரப்பிப் பல்லைப் பொறுக்கும் முறையை அவர் 1940-களில் செம்மைப்படுத்தி, 1949-இல் அதைக் குறித்துக் கட்டுரையும் வெளியிட்டார். நெற்குவியலில் கல் பொறுக்கும் பொறுமையைத் தலைகீழாக்கி, கற்குவியலில் ஒரு நெல்மணியைத் தேடுவதற்கு அது நிகரான வேலை. இன்று உலகத்தில் அறியப்பட்டுள்ள தொல் முள்ளெலிகளில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சல்லடையின் வழியாகவே நம் கைக்கு வந்தவை.

ஒரு பல்லைக்கொண்டு ஒரு பிராணியை அறிய முடியுமா என்ற சந்தேகம் இயல்பானதே. பாலூட்டிகளைப் பொறுத்தவரை முடியும். அதற்குக் காரணம் அவற்றின் கடைவாய்ப் பல்லின் அபூர்வமான அமைப்பு. மேல்தாடையின் கடைவாய்ப் பல்லில் முக்கோணமாக மூன்று முகடுகள் நிற்க, அவற்றுள் உட்புறத்து முகடு கீழ்ப்பல்லின் பின்பகுதியிலுள்ள குழிக்குள் சரியாக இறங்கி இடிக்கிறது. அதே கணத்தில் பற்களின் ஓரங்கள் ஒன்றையொன்று உரசிச் சென்று கத்தரியைப்போல் நறுக்குகின்றன. உரலும் உலக்கையும் ஒருபுறம், கத்தரி ஒருபுறம் என்று இரண்டு கருவிகள் ஒரே பல்லில் பொருந்தியிருப்பதால், பூச்சியின் கடினமான ஓட்டை நறுக்கவும் உள்ளிருக்கும் சதையை நசுக்கவும் ஒரே மெல்லலில் முடிகிறது. ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் 1936-இல் இந்தப் பல்லுக்கு, தேய்த்தலையும் ஆப்பையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களை இணைத்து ‘டிரைபோஸ்பீனிக்’ என்று பெயரிட்டார். பசுவின் அரைக்கும் பல்லும் புலியின் கிழிக்கும் பல்லும் நம்முடைய பல்லும் இந்த ஆதி வடிவத்தின் மாற்றங்களே. எந்த முகடு வளர்ந்தது, எது தேய்ந்தது, எது புதிதாக முளைத்தது என்ற கணக்கிலிருந்து ஒரு பிராணியின் உணவையும் உறவையும் ஓரளவு அனுமானிக்க இயலும். முள்ளெலிக் குடும்பத்தில் மேல் கடைவாய்ப் பல்லின் பின்-உள் மூலையில் நான்காவதாக ஒரு முகடு நன்கு வளர்ந்து, பல் ஏறக்குறையச் சதுரமாகிவிடுகிறது. முதல் கடைவாய்ப் பல் பெரிதாகவும், பின்னுள்ளவை ஒன்றைவிட ஒன்று சிறிதாகவும் வரிசை குறுகிச் செல்கிறது. சல்லடையில் ஒதுங்கிய ஒரு பருக்கையை முள்ளெலியினது என்று நிபுணர் சொல்வது இந்த அடையாளங்களைக் கொண்டுதான்.

ஆனால் பல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. அந்தப் பிராணி முள் தரித்திருந்ததா, ரோமம் போர்த்திருந்ததா என்று பல் சொல்லாது. முள் என்பது ரோமம் தடித்து உருவான பொருள். நம் நகத்தைப்போல் கெரட்டினால் ஆனது. மண்ணுக்குள் மட்கிவிடுவது அதன் இயல்பு. ஆகவே முள்ளெலியை முள்ளெலியாக்கும் அந்த ஒரே அங்கத்தைப் பற்றித்தான் பாறைகள் மிகக் குறைவாகப் பேசுகின்றன.

மிகக் குறைவு என்றேனே தவிர, அறவே இல்லை என்று சொல்லவில்லை. பாறைகள் முள்ளைக் குறித்துப் பேசிய மிக விசித்திரமான இடம் ஒன்று ஸ்பெயின் தேசத்தில் இருக்கிறது. குவெங்கா மாகாணத்தின் லாஸ் ஒயாஸ் என்ற இடம், சுமார் 12.5 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் உலவிய காலத்தில், சதுப்பு நிலமாகவும் ஏரிகளாகவும் இருந்தது. அங்கே கிடைத்த, 24 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பாலூட்டியின் படிவத்தை 2015-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அதற்கு ஸ்பைனோலெஸ்டெஸ் என்று பெயர். எலும்போடு தோலும் ரோமமும் காது மடலும் அதில் பதிந்திருந்தன. ஈரலின் தடம்கூட அடையாளம் காணப்பட்டது. ரோமத்தைத் தாக்கிய பூஞ்சை நோயின் அறிகுறியும் தெரிந்தது. அதன் முதுகில், பல ரோமங்கள் ஒன்றாகப் பிணைந்து தடித்த குறு முட்கள் இருந்தன. இன்றைய முள்ளெலியில் முள் உண்டாகும் விதமும் இதைப் போன்றதே. ஆயினும் ஸ்பைனோலெஸ்டெஸுக்கும் முள்ளெலிக்கும் வம்சத் தொடர்பு கிடையாது. அது கோபிகோனோடான்ட் என்ற, அடியோடு அழிந்துபோன ஒரு பழங்குடியைச் சேர்ந்தது; நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் கிளைக்கு வெகு தொலைவில் பிரிந்துபோன கிளை அது. எனில், முதல் முள்ளெலி தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே முள் கண்டுபிடிக்கப்பட்டு மறைந்தும் போயிருந்தது. இன்றும் ஆஸ்திரேலியாவின் எகிட்னா, மடகாஸ்கரின் தென்ரெக், நம் முள்ளம்பன்றி, முள் தரித்த சுண்டெலிகள் ஆகிய யாவும் ஒன்றிடமிருந்து ஒன்று பெறாமல் தனித்தனியே முள்ளை அடைந்தவையே.

டைனோசர்களின் நிழலில் பதுங்கி வாழ்ந்த பாலூட்டிகள் எல்லாம் அற்பமான ஒரே அச்சில் வார்த்தவை என்ற பழைய எண்ணத்தை இத்தகைய கண்டுபிடிப்புகள் கலைத்துவிட்டன. சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பாறையிலிருந்து வந்து 2001-இல் வர்ணிக்கப்பட்ட ஹேட்ரோகோடியத்தின் மண்டையோடு 12 மில்லிமீட்டர்தான், எடை ஏறத்தாழ இரண்டு கிராம் என்று கணக்கிட்டார்கள், காலமோ 19.5 கோடி ஆண்டுகளுக்கு முன். அதே சீனாவில் பிற்காலத்தில் வாழ்ந்த ரெப்பெனோமாமஸ் என்ற பாலூட்டியின் வயிற்றிலே ஒரு குட்டி டைனோசரின் எலும்புகள் இருந்ததை 2005-இல் உலகம் அறிந்தது. நம் தேசத்தின் பங்கும் இதில் உண்டு. இன்றைய தெலங்கானாவில் உள்ள நஸ்கல் என்னும் ஊரருகே, தக்காணத்தின் எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கிடையே படிந்த வண்டல் மண்ணைச் சலித்து, ஜி. வி. ஆர். பிரசாத், அசோக் சாஹ்னி ஆகிய இருவரும் டெக்கனோலெஸ்டெஸ் என்ற சிறு பாலூட்டியின் பற்களைக் கண்டெடுத்து 1988-இல் அறிவித்தார்கள். கிரெட்டேஷியஸ் காலத்துப் பாலூட்டி இந்தியாவில் கிடைத்தது அதுவே முதல் தடவை. நாகபுரியில் வாழ்ந்து பாறைகளை ஆராய்ந்த பாதிரியார் ஸ்டீபன் ஹிஸ்லாப்பின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். பின்னர்க் கிடைத்த கணுக்கால் எலும்புகள் அது மரமேறி வாழ்ந்ததைக் காட்டின. பல்லை மட்டும் பார்த்துப் பூச்சியுண்ணி என்று நிறுத்தியிருந்தால் அது தரையிலேயே ஊர்ந்துகொண்டிருந்திருக்கும். கணுக்கால்தான் அதைக் கிளைக்கு ஏற்றியது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் மறைந்தன. அதற்குப் பிந்திய பாலியோசீன் காலத்தில்தான் முள்ளெலிக் குடும்பத்தின் சாயல் பற்களில் தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. வயோமிங்கின் போல்கேட் பெஞ்ச் பாறைகளிலிருந்து ஜெப்சன் 1930-இல் பெயரிட்ட லிட்டோலெஸ்டெஸ் என்ற நுண்ணிய பிராணியை இக்குடும்பத்தின் மிகப் பழைய உறுப்பினருள் ஒன்றாகப் பலர் கருதுகிறார்கள். அடுத்து வந்த இயோசீன் காலத்தின் தொடக்கத்தில் பூமி இன்றைவிட வெகுவாக வெப்பமுற்றிருந்தது. துருவங்களுக்கு அருகிலும் காடுகள் செழித்தன. அந்தக் காலத்தின் ஒரு முள்ளெலியைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டிரிஃப்ட்வுட் கேன்யன் என்ற பள்ளத்தாக்கில் கண்டுபிடித்து, ஜேலின் எபர்லி, நடாலியா ரிப்சின்ஸ்கி, டேவிட் கிரீன்வுட் ஆகியோர் 2014-இல் சில்வகோலா அகாரெஸ் என்று பெயரிட்டார்கள். காட்டில் வாழும் சின்னஞ்சிறியது என்பது பெயரின் பொருள். 5.2 கோடி ஆண்டுகள் பழமையான அந்தப் பிராணியின் உடல் மனிதனின் கட்டைவிரல் நீளமே இருந்திருக்கும். கடைவாய்ப் பல் ஒரு மில்லிமீட்டர். பாறையிலிருந்து ஊசியால் பிரித்தெடுக்க முயன்றால் நொறுங்கிவிடும் என்று அஞ்சி, அதைப் பாறையோடு விட்டுவிட்டு, நுண் எக்ஸ்ரே கருவியினால் அடுக்கடுக்காகப் படமெடுத்துக் கணினியில் மீண்டும் உருவாக்கிப் பார்த்தார்கள். ஏறத்தாழ அதே யுகத்தில் வயோமிங்கில் வாழ்ந்த பேட்டோடோனாய்டெஸ் என்ற வேறொரு பூச்சியுண்ணியின் எடை 1.3 கிராம் என்று கணித்திருக்கிறார்கள். அறியப்பட்ட பாலூட்டிகள் எல்லாவற்றிலும் அதுவே மிகச் சிறியது.

இவ்வளவு சிறுத்து வாழ்வது எளிய காரியம் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. உடல் சிறுத்தால், அதன் கனத்தோடு ஒப்பிடத் தோலின் பரப்பு மிகுந்துவிடுகிறது. வெப்பம் அந்தப் பரப்பின் வழியே ஓயாமல் வெளியேறுகிறது. அதை ஈடுசெய்ய இரவும் பகலும் உண்டுகொண்டே இருக்க வேண்டும். சில மணி நேரப் பட்டினியும் மரணமாகும். இருதயமும் சுவாசமும் மென்று விழுங்கும் தாடையும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும்படி அமைந்தாலன்றி இரண்டு கிராம் பாலூட்டி பிழைக்காது. சிறுமையை வளர்ச்சியின்மை என்று கருதியது நம் கண்ணின் பிழை. அது நுட்பமான ஒரு சித்தி.

இயோசீன் காலத்து முள்ளெலி உறவினரை முழு உருவில் காண்பதற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டும். டார்ம்ஸ்டாட் நகருக்கருகே மெசல் என்ற கிராமத்தில், எரிமலை வெடிப்பினால் உண்டான ஓர் ஆழமான ஏரி 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்தது. பிராணவாயு இல்லாத அதன் அடிச்சேற்றில் விழுந்த உடல்கள் அழுகிச் சிதறாமல் அப்படியே அடங்கின. அவற்றின்மேல் படர்ந்த பாக்டீரியாக்கள் கனிமமாக உறைந்து, ரோமத்தின் நிழலையும் காதின் விளிம்பையும் வரைந்துவைத்தன. அந்தச் சேறு எண்ணெய்க் களிக்கல்லாக மாறியது. களிக்கல்லில் நாற்பது சதவீதம் வரை நீர் இருப்பதால், வெட்டியெடுத்து வெளியே வைத்தால் உலர்ந்து வெடித்து, படிவமும் உடன் நொறுங்கிவிடும். ஆகவே ஒரு பக்கத்தைச் சுத்தம் செய்து செயற்கைப் பிசினை ஊற்றி உறையவைத்து, பிறகு மறுபக்கக் கல்லை முழுவதும் அகற்றி, எலும்புக்கூட்டைக் கல்லிலிருந்து பிசினுக்கு மாற்றும் வித்தையை அங்கே கையாளுகிறார்கள். இத்தகைய பொக்கிஷம் நிறைந்த குழியை, சுரங்க வேலை நின்றபின், நகரக் குப்பையைக் கொட்டி நிரப்புவதற்குத் திட்டமிட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, 1995-இல் மெசல் உலகப் பாரம்பரிய ஸ்தலமாயிற்று.

மெசலின் ஃபோலிடோசெர்கஸ் என்ற பிராணியை 1983-இல் கோனிக்ஸ்வால்ட், ஸ்டார்க் என்ற இரு அறிஞர்கள் வர்ணித்தார்கள். முதுகெங்கும் விறைத்த தடித்த ரோமம். நெற்றியில் செதில் போன்ற கேடயம். நீண்ட வாலைச் சுற்றி வளையம் வளையமாக எலும்புச் செதில்கள். முள்ளெலிக்கும் எறும்புதின்னிக்கும் பிறந்தது போன்ற தோற்றம் என்று சொல்லலாம். ஆனால் அப்படி ஒன்று இன்றைய உலகில் எங்கும் இல்லை. அதன் பக்கத்திலேயே வாழ்ந்த மக்ரோக்ரேனியான் இதற்கு நேர்மாறானது: மெல்லிய உடலும், முன்காலைவிட வெகுவாக நீண்ட பின்காலும் கொண்டு, காட்டுத் தரையில் தாவி ஓடிய பிராணி அது. அதன் ஓர் இனத்தின் வயிற்றில் மீனின் எலும்புகள் கிடைத்தன. மற்றோர் இனத்தின் வயிற்றில் எறும்புகள். அந்த இரண்டாவது இனத்துக்கு விறைத்த, முள்ளொத்த ரோமமும் இருந்தது. சுருண்டு கிடக்கும் முள்ளெலியை மட்டுமே அறிந்த நமக்கு, அதன் பூர்வீக உறவினர்களில் ஒன்று முயலைப்போல் தாவியும் மற்றொன்று கவசம் பூண்டும் திரிந்தது என்று கேட்கும்போது, இன்றைய வடிவம் எத்தனை வடிவங்களுள் எஞ்சிய ஒன்று என்பது விளங்குகிறது. பல்லை மட்டும் நம்புவதன் அபாயத்துக்கும் இந்தக் கூட்டமே ஒரு திருஷ்டாந்தம் தருகிறது. இவற்றின் குடும்பத்துக்கு ஆம்பிலெமூரிடே என்று பெயர். ஜெர்மனியின் கைசல்தால் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த ஒரு தாடையை 1935-இல் ஆராய்ந்த ஃப்ளோரியன் ஹெல்லர், அதைக் குரங்கினத்தின் தொடக்க நிலையிலிருக்கும் லெமூரோடு சேர்த்து ஆம்பிலெமூர் என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அது முள்ளெலியின் பக்கத்தைச் சேர்ந்தது என்று தெளிந்தது. பெயர் வைக்கும் சாஸ்திரத்தின் விதிப்படி முதலில் வைத்த பெயரை மாற்ற முடியாதாகையால், லெமூராக இல்லாத ஒரு குடும்பம் இன்றும் லெமூரின் பெயரைச் சுமந்து நிற்கிறது.

இயோசீனுக்குப் பின் பூமி குளிர்ந்தது. அடர்ந்த காடுகள் சுருங்கி, வெளிகள் விரிந்தன. ஒலிகோசீன், மயோசீன் காலங்களில் முள்ளெலிக் குடும்பம் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா என நான்கு கண்டங்களிலும் பரவியிருந்தது. அமெரிக்க முள்ளெலிகளின் வரலாறு சுருக்கமாகச் சொல்லத்தக்கது: அங்கே பிராகியெரிக்ஸ் முதலிய சில வகைகள் முகம் குறுகி, கடைசிக் கடைவாய்ப் பல்லையே இழந்து ஒரு தனி வழியில் சென்றன, பின் அவை யாவும் மறைந்தன, இன்று அமெரிக்கக் கண்டங்களில் இயற்கையாக வாழும் முள்ளெலி ஒன்றேனும் இல்லை. பழைய உலகத்திலோ, மயோசீன் மண்ணைச் சலித்த இடமெல்லாம் கேலெரிக்ஸ் என்ற சிறு பிராணியின் பற்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இமயமலையின் அடிவாரத்து சிவாலிக் படிவுகளிலும் அது உண்டு. பாகிஸ்தானின் மியான்வாலி மாவட்டத்தில் தாவூத் கேல் என்ற இடத்திலிருந்து ஒரு புதிய இனத்தை 1980-இல் அறிவித்தார்கள்.

கேலெரிக்ஸின் கிளையிலிருந்துதான் இந்தக் குடும்பத்தின் மிக ஆச்சரியமான பிறவி தோன்றியது. இத்தாலி தேசத்தைக் காலணியாக வரைந்து பார்த்தால், குதிகாலுக்கு மேலே முள்ளாணிபோல் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு கார்கானோ என்று பெயர். மயோசீன் காலத்தின் பிற்பகுதியில் அது நிலத்தோடு சேராத தீவாக இருந்தது. அந்தத் தீவின் சுண்ணாம்புப் பாறைகளில் மழைநீர் அரித்த வெடிப்புகளிலும் குகைகளிலும் செம்மண் போய் நிரம்பி, அக்காலத்துப் பிராணிகளின் எலும்புகளை அடைகாத்துவைத்தது. அப்ரிச்சேனா என்ற ஊரைச் சுற்றியுள்ள கல்குவாரிகளில், கல் வெட்டும்போது வெளிப்பட்ட அந்தச் செம்மண்ணை ஹாலந்து தேசத்து லைடன் நகரிலிருந்து வந்த மத்தைஸ் ஃப்ராய்டென்தால் அலசத் தொடங்கினார். 1972-இல் அவர் பெயரிட்ட பிராணி டைனோகேலெரிக்ஸ்: பயங்கரமான கேலெரிக்ஸ் என்று பொருள். மண்டையோடு மட்டும் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். உடல் சுமார் 60 சென்டிமீட்டர். இன்றைய ஐரோப்பிய முள்ளெலியின் தலை இதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. குறுகி நீண்ட முகம், முன்னோக்கி நீட்டிய கூரிய முன்பற்கள், உடலுக்குச் சற்றும் பொருந்தாத பெருந்தலை, இவற்றோடு அந்தத் தீவின் புதர்களினூடே அது வேட்டையாடித் திரிந்தது.

இப்படி ஒரு பேருருவம் அங்கே மட்டும் ஏன் தோன்றியது என்பதற்கு, அந்தத் தீவில் இருந்தவற்றைப்போலவே இல்லாதவையும் விடை சொல்கின்றன. பூனை, நரி, கீரி போன்ற நிலத்து ஊனுண்ணிகள் கடலைக் கடந்து அங்கே வந்து சேரவில்லை. நீர்நாய் ஒன்றே வந்திருந்தது. காலியாகக் கிடந்த வேட்டைக்காரனின் ஸ்தானத்தை ஒரு பூச்சியுண்ணி தலைமுறை தலைமுறையாக வளர்ந்து கைப்பற்றிக்கொண்டது. போட்டியும் இல்லாமலில்லை: டைட்டோ ஜைகான்டியா என்ற ராட்சச ஆந்தையும் பெரிய கழுகும் அங்கே வாழ்ந்தன, ஐந்து கொம்பும் வாளையொத்த கோரைப் பல்லும் கொண்ட ஹாப்ளிட்டோமெரிக்ஸ் என்ற மான்போன்ற பிராணியும் மேய்ந்தது. தீவில் ஒதுங்கிய சிறிய பிராணிகள் பெருப்பதும் பெரியவை சிறுப்பதும் பல இடங்களில் காணப்படும் போக்கு. ஆனால் அதை விதி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அதே தீவில், அதே செம்மண்ணில், அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பிராணி சிறியதாகவே வாழ்ந்திருக்கிறது. அபுலோகேலெரிக்ஸ் என்ற அதனை மசீனியும் ஃபன்ஃபானியும் 2013-இல் வர்ணித்தார்கள். ஒன்று ராட்சசனாக, மற்றொன்று குள்ளனாகவே நின்றதைப் பார்க்கும்போது, தீவு என்ற சூழ்நிலை கதவைத் திறக்கிறதே தவிர எவரையும் பிடித்து உள்ளே தள்ளுவதில்லை என்று தோன்றுகிறது. பின்னர்க் கடல் உயர்ந்து அந்த நிலத்தை மூடியபோது ராட்சசனும் குள்ளனும் ஒருங்கே அழிந்தார்கள்.

டைனோகேலெரிக்ஸுக்கு முள் இருந்திருக்காது என்றே கருதுகிறார்கள். அந்த அனுமானத்துக்கு ஆதாரம் இன்று உயிரோடிருக்கும் உறவினர். மலேயா, சுமத்ரா, போர்னியோக் காடுகளில் எக்கினோசோரெக்ஸ் என்ற பிராணி இருக்கிறது. சிங்கப்பூரை நிறுவிய ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ்தான் 1822-இல் அதை முதலில் வர்ணித்தார். எலிபோன்ற நீண்ட வால், கரடுமுரடான ரோமம், தூரத்திலிருந்தே மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நாற்றம். முள் மட்டும் கிடையாது. பற்களாலும் மண்டையோட்டாலும் அது முள்ளெலிக் குடும்பமே. நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் பூர்வ எண்ணிக்கையாகக் கருதப்படும் 44 பற்களையும் அது இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய முள்ளெலிக்கோ 36 பற்களே. ஒரே குடும்பத்தின் இந்த இரண்டு கிளைகளில் முள் தரித்த கிளையே மாறுதலை அதிகம் அடைந்த கிளை. சில ஆயிரம் முட்களும், அவற்றை ஒருங்கே நிமிர்த்தி உடலைப் பையின் சுருக்குப்போல் இழுத்து மூடும் வட்டத் தசையும், அந்தச் சுருளுக்கு இடங்கொடுக்கும் குறுகிய வாலும், பழமையின் எச்சங்கள் அல்ல. பின்னால் சம்பாதித்த ஆஸ்தி அவை.

ஹக்ஸ்லியின் காலத்து முத்திரை இதோடு கலைந்திருக்க வேண்டும்; ஆனால் அது எளிதில் கலையவில்லை. 1995-இல் ஐரோப்பிய முள்ளெலியின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுதியை முழுவதும் வாசித்தபோது, மூலக்கூறுகளின் சாட்சியமும் முள்ளெலியைப் பாலூட்டி மரத்தின் அடிமூலத்திலேயே வைத்தது. பல்லும் மரபணுவும் ஒரே முடிவைச் சொல்வதாகச் சில காலம் தோன்றிற்று. பிறகு பல்வேறு மரபணுக்களையும் மேலும் பல பிராணிகளையும் சேர்த்து ஆராய்ந்ததில், முள்ளெலியின் மைட்டோகாண்ட்ரியா மிக வேகமாக மாறுதலடைந்திருப்பதனால் கணக்கு அதைத் தவறாக வெளியே தள்ளியது என்று கண்டார்கள். 1998 முதல் 2001 வரை வெளியான ஆராய்ச்சிகள் பழைய கூடையையே உடைத்தன. தென்ரெக்கும் பொன் அகழெலியும் யானைக்கும் கடற்பசுவுக்கும் உறவாகி ஆப்பிரிக்கக் கிளைக்குப் போயின. முள்ளெலியும் மூஞ்சூறும் அகழெலியும் கியூபாவின் சொலெனோடானும் தனிக்குலமாகி, வெளவாலும் குதிரையும் பசுவும் நாயும் இருக்கும் பெருங்கிளையில் அமர்ந்தன. பத்தாம் பதிப்பில் லின்னேயஸ் பன்றியோடு உட்கார வைத்த முள்ளெலி, வேறு காரணங்களால், பன்றியும் இடம்பெறும் அதே பெருங்கிளைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

நம் ஊர் முள்ளெலியை 1851-இல் ஹார்ஸ்ஃபீல்ட் என்ற அறிஞர் நூடிவென்ட்ரிஸ் என்று பெயரிட்டுப் பதிவு செய்தார்; ரோமமற்ற வயிறுடையது என்று பொருள். வடமேற்கு இந்தியாவின் வறண்ட பிரதேசங்களில் வாழும் இனத்தின் ஒரு பிரிவாகவே நெடுங்காலம் அதைக் கருதிவந்தார்கள். இப்போது அது தனி இனம். தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் ஆகியவற்றின் வறண்ட நிலங்களைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. கக்குவான் இருமலுக்கு மருந்தாகும் என்று நம்பி அதன் முட்தோலுக்காக அதைப் பிடிக்கும் வழக்கம் கிராமங்களில் இருந்துவருகிறது. தரிசு நிலங்கள் மனைகளாகவும் தோட்டங்களாகவும் மாறமாற அது ஒதுங்கும் புதரும் குறைகிறது. சாலையோரம் வண்டியில் அடிபட்டுக் கிடக்கும் ஒன்றை யாரேனும் குனிந்து பார்த்து, அதன் கீழ்த்தாடையைச் சற்றே விலக்கினால், முதல் கடைவாய்ப் பல் பெரிதாகவும் அடுத்தவை சிறிதாகவும் குறுகிச் செல்லும் அந்தப் பழைய வரிசையைக் காணலாம். மேற்பல்லின் முகடு இறங்கும் குழி கீழ்ப்பல்லில் இருக்கும். வண்டின் ஓடு ஒன்றின் துணுக்கும் அதில் ஒட்டியிருக்கக் கூடும்.